கெங்கம்மாள் அணைத்த கம்ப்யூட்டர்

திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்து யாராவது அலுத்துக்கொண்டால் இவாஞ்சலினுக்குச் சுர்ரென்று கோபம் வரும். பெங்களூரில் அவளுடன் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். "சுத்துதில்ல? சுத்துற வரைக்கும் உசுரு இருக்குன்னு அர்த்தம். அதுக்கே ஒரு கும்பிடு போட்டுட்டு சும்மா உட்காரு" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? வட்டமும் கிடையாது, கோடும் கிடையாது, செத்துப்போன மாதிரி வெள்ளையாய் நின்றுவிடும் திரைகளின் காலத்தில் அவர்கள் பால்புட்டியோடு இருந்திருப்பார்கள்.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் ஒரு ஷூ கம்பெனி. இவாஞ்சலினுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தையல் பிரிவில் வருகைக் கணக்கு எழுதும் தற்காலிக கிளார்க். வேலூரில் ஆறு மாதம் விஷுவல் பேசிக் என்கிற ப்ரோக்ராம் மொழி படித்து, அந்தச் சர்டிபிகேட்டை லேமினேஷன் போட்டு, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நகையை விட அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள்.

இந்தச் சேதி எப்படியோ புரொடக்‌ஷன் மேனேஜர் ஆபித் பாஷாவின் காதுக்குப் போனது. "இவாஞ்சலின், டெய்லி சாயங்காலம் இருநூத்தி நாப்பது பேரு எத்தனை ஜோடி தெச்சாங்கன்னு கெங்கம்மா பேப்பர்ல எழுதுது. அதைக் கம்ப்யூட்டர்ல கொண்டாந்துடு. கிறிஸ்மஸ் வரைக்கும் ஒழுங்கா ஓடுச்சுன்னா மாடியில உனக்கு ஒரு சேர். பர்மனென்ட்" என்றார். இவாஞ்சலினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாடியில் ஏசி, சுழல் நாற்காலி, காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்கிற மரியாதை. வேறென்ன வேண்டும்?

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கோடு கோடாக நிரலை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அதே பட்டுப்புடவையோடு, ஜியாவுதீனின் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதையெல்லாம் டைப் அடிப்பாள். திரையில் வந்து நிற்கும் ஃபாரத்துக்கு ரோஸ் கலர். மூலையில் ஓடுகிற கடிகாரம். அந்தக் காலத்தில் புதுசாகக் கற்றவர்கள் எல்லோரும் மூலையில் ஒரு கடிகாரத்தை ஓடவிடாமல் தூங்கமாட்டார்கள். நடுவில் பெரிதாக ஒரு பட்டன்: 'க்ளோசிங்'. அதை அமுக்கினால், மாதத்தின் முதல் நாளிலிருந்து அன்றைக்கு வரை ஒவ்வொருவரும் தைத்த ஜோடிகளைக் கூட்டி ஒரு பட்டியல் வந்து நிற்கும். பத்து பெயரைப் போட்டுச் சோதித்துப் பார்த்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. ஐயோ, அந்த நிமிஷம் அவளுக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

அக்டோபர் ஒன்றாம் தேதி தையல் பிரிவில், தூணோரமாக ஒரு மேஜை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். தூணில் இருந்த சுவிட்சிலேயே இணைப்பு கொடுத்தார்கள். தினமும் கணக்கை ஏற்றி, ஐந்தரைக்கு க்ளோசிங் போடுவது சூப்பர்வைசர் கெங்கம்மாளின் வேலை.

கெங்கம்மாள் ஒடுகத்தூர் பக்கத்து கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். பதினோரு வருஷம் மிஷினில் உட்கார்ந்து தைத்து, அந்தப் பிரிவிலேயே நீலக் கோட்டுப் போட்ட முதல் பெண். கோட்டு என்றால் லேசா? சூப்பர்வைசருக்கு மட்டும்தான் கோட்டு. வேனில் முன்சீட்டை அவளுக்கு விட்டுவிடுவார்கள். ஊரில் இறங்கினால் டீக்கடைக்காரர் உட்பட 'சூப்பர்வைசரம்மா' என்றுதான் கூப்பிடுவார். எட்டாவதுவரை படித்தவள், எழுத்தும் எண்ணும் சுத்தம். இரண்டே நாளில் விசைப்பலகை அவள் விரலுக்கு வசப்பட்டுவிட்டது.

"இவ்ளோதானா பாப்பா? நான் ஏதோ பெருசா நெனச்சு பயந்துட்டு இருந்தேன்" என்றாள்.

முதல் பத்து நாள் எல்லாம் சர்க்கரையாகப் போனது. நாளாக ஆக, கூட்ட வேண்டிய கணக்கும் கூடிக்கொண்டே போனது. அது புதுசாகக் கற்ற இவாஞ்சலினுக்கு உறைக்கவில்லை. ஐந்து விநாடியில் வந்தது பத்தானது, இருபதானது. பன்னிரண்டாம் தேதி கெங்கம்மாள் பட்டனை அமுக்கினாள். ரோஸ் கலர் ஃபாரம் அப்படியே வெளுத்தது. மூலையில் கடிகாரமும் நின்றுவிட்டது. ஒரு அசைவு இல்லை. கெங்கம்மாள் பார்த்தாள், பார்த்தாள், சட்டென்று தூணுக்குக் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தாள்.

அவ்வளவுதான். கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்த நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? கோப்பு உடைந்தது. பன்னிரண்டு நாள் கணக்கும் போச்சு, இனிப் பேப்பரைப் பார்த்து முதலிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

"என்னாக்கா, ஏன் அணைச்சீங்க?" இவாஞ்சலின் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

கெங்கம்மாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நின்னுடுச்சே பாப்பா. நின்னா அணைக்கணும்ல?"

தையல் பிரிவில் சேருகிற யாருக்கும் முதல் நாள் ஊசியில் நூல் கோக்கக் கற்றுத்தருவதில்லை. முதலில் இதைத்தான் கற்றுத்தருவார்கள்: மிஷின் நின்றால் காலை எடு, சுவிட்சை அணை, அப்புறம்தான் எதையும் யோசி. சுவரில் ஆளுயரப் பலகை வைத்து எழுதியிருக்கும். ஏனென்றால், சிக்கி நிற்கிற மிஷின் எந்த நொடியில் திரும்ப ஓடும் என்று யாருக்கும் தெரியாது. கெங்கம்மாள் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரே ஒரு நாள் அணைக்க மறந்தாள். ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த நகம் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. அணைக்காதே என்று அவள் மூளைக்குச் சொல்லலாம். அந்தக் கைக்கு யார் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை இவாஞ்சலின் ஜியாவுதீனிடம் போய் நின்றாள். "அண்ணே, விஷுவல் பேசிக்ல சந்தேகம் வந்தா யாரைக் கேக்குறது?"

"இன்னா சிஸ்டர் நீங்க, இன்டர்நெட்ல அதுக்குன்னே குரூப் இருக்கு. உலகம் பூரா ஆளுங்க சும்மாவே உட்கார்ந்திருக்காங்க பதில் சொல்ல. எழுதிப் போடுங்க" என்று ஒரு பக்கத்தைத் திறந்துகொடுத்தார் அவர். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, இவாஞ்சலின் எழுதினாள்.

எப்படி எழுதினாள் தெரியுமா? இடதுபக்கம் 'அனுப்புநர்' என்று வீட்டு முகவரி, கதவு எண், தெரு, பின்கோடு. கீழே 'பெறுநர்: உயர்திரு குரூப் தலைவர் அவர்கள்.' மதிப்பிற்குரிய ஐயா, பொருள், வணக்கம், தங்கள் உண்மையுள்ள. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்ற கடிதமுறையில் ஒரு காற்புள்ளி குறையாமல், எல்லாம் ஆங்கிலத்தில். தபால் போய்ப் பதில் வர ஒரு வாரமாவது ஆகுமே என்று கணக்குப் போட்டு, அடுத்த ஞாயிறுதான் திரும்பப் போனாள்! முதல் பதில் பத்தாவது நிமிஷமே வந்திருந்தது: 'நீங்கள் எழுதிய நிரலைப் போடுங்கள்.' அவள் போடவில்லையே என்று அவர்களே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லியிருந்தார். இன்னொருவர், 'பயன்படுத்துகிறவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். கடைசியாக ஒருவர், 'இது போஸ்ட் ஆபீஸ் அல்ல' என்று திட்டிவிட்டுக் கேள்வியையே பூட்டிவிட்டார். இவாஞ்சலினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜியாவுதீன் பார்த்துவிடப் போகிறாரே என்று திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் கெங்கம்மாளிடம், "அக்கா, நின்னாலும் அணைக்காதீங்க. காத்திருங்க" என்று மட்டும் சொன்னாள்.

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரம்க்கா."

"கொஞ்ச நேரம்னா எவ்ளோ பாப்பா? உள்ள ஓடுதா, சிக்கிடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அந்த வாரம் கெங்கம்மாள் நிஜமாகவே காத்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குமேல் முடியவில்லை. கை தானாகப் போய் அணைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மறுபடியும்.

சனிக்கிழமை காலை ஆபித் பாஷா நேராகத் தூணருகே வந்து நின்றார். வெளிநாட்டுப் பார்ட்டிக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு கையில் இல்லாததால் முகம் கடுகடுவென்று இருந்தது.

"யாரு அணைக்கிறது இதை?"

"நான்தான் சார்" என்றாள் கெங்கம்மாள்.

"எத்தனை தடவை சொல்லியாச்சு? ஒரே பேஜாரா போச்சு உன்னோட. திங்கட்கிழமையிலருந்து மிஷினுக்குப் போய்டு. கோட்டைச் செல்வகுமார்கிட்ட குடு."

இவாஞ்சலின் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். 'சார், அது அக்கா தப்பில்ல, என் ப்ரோக்ராம்தான் நின்னுடுது' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மாடி நாற்காலி கண்முன்னால் வந்து நின்றுகொண்டது. கெங்கம்மாள் இவள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி, பட்டன் போட்டு, நான்காக மடித்துக் கொடுத்தாள்.

அன்று வீட்டுக்குப் போனால், பைபிள் மேல் ஒரு நீல இன்லேண்ட் கடிதம் இருந்தது. காவேரிப்பாக்கத்திலிருந்து எழிலரசி என்று யாரோ.

'அன்புள்ள இவாஞ்சலினுக்கு, நான் உன்னைப் போலவே விஷுவல் பேசிக்கில் தட்டுத்தடுமாறுகிறவள். பால் சொசைட்டிக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். உன் கேள்வியைக் குரூப்பில் படித்தேன். நான் பதில் போடுவதற்குள் பூட்டிவிட்டார்கள். நல்லவேளை நீ முகவரி எழுதியிருந்தாய்! திட்டியவரை விட்டுத்தள்ளு. போன மாசம் நானும் இதையே கேட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். விஷயம் இதுதான். உன் ப்ரோக்ராம் சாகவில்லை, மூச்சுவிடாமல் வேலை செய்கிறது. கூட்டுகிற சுற்றுக்குள்ளே டூ ஈவென்ட்ஸ் என்று ஒரு வரி போடு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மூச்சு விட்டு, திரையையும் கவனிக்கும். ஒரு பச்சைக் கோடு வைத்து, ஆளுக்கு ஆள் அதை நகர்த்து. ஜாக்கிரதை: ஒருமுறை அமுக்கியதும் மறுபடி பட்டனை அமுக்க முடியாதபடி செய்துவிடு. இல்லாவிட்டால் அவசரத்தில் இரண்டாவது தடவை அமுக்குவார்கள், கணக்கு இரட்டிப்பாகும். எனக்கு ஆனது! ஊர்ப்பட்ட பாலைக் காட்டியது!'

ஓரத்தில் இருந்த கொஞ்சூண்டு இடத்தில், எறும்பு எழுத்தில், பதினோரு வரி நிரல். இவாஞ்சலின் அதை மூன்று தடவை படித்தாள். முகம் தெரியாத ஒருத்தி, அவளைப் போலவே அரைகுறையாகக் கற்றவள், இதற்காக உட்கார்ந்து எழுதி, மடித்து ஒட்டி, போஸ்ட் பாக்ஸ்வரை நடந்திருக்கிறாளே என்று அழுகை வந்துவிட்டது. ஒரு நாள் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

ஞாயிறன்று ஜியாவுதீன் கடையில் திருத்தினாள். திங்கட்கிழமை ஃப்ளாப்பியில் கொண்டுபோய்ப் போட்டாள். ஐந்தரைக்குப் புது சூப்பர்வைசர் செல்வகுமார், தனக்குக் கொஞ்சம் பெரிதான நீலக் கோட்டில், பட்டனை அமுக்கினான். பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. கடிகாரமும் ஓடியது. ஒன்றேகால் நிமிஷம் அவன் ஜாலியாகக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பட்டியல் வந்தது. செவ்வாய்க்கிழமையும் வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை ஆபித் பாஷா வந்து பார்த்தார். முகமெல்லாம் பல். "பாத்தியா இவாஞ்சலின்? கெங்கம்மாவைத் தூக்கினதும் கம்ப்யூட்டர் தானா சரியாயிடுச்சு. நான் சொன்னேன்ல? உன் சேர் ரெடி மா."

இப்படி ஒரு அடி விழும் என்று அவள் நினைக்கவே இல்லை. அவள் திருத்தியது, அவள் வெற்றி, கெங்கம்மாள்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது! இதற்குத் திருத்தாமலே இருந்திருக்கலாம். ஏழாவது மிஷினில் கெங்கம்மாள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது காதில் விழாமல் இருக்க வழியில்லை. தலை நிமிரவில்லை. ஊரில் இன்னும் எல்லோரும் சூப்பர்வைசரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளும் வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டுப் போகிறாள் என்று வேனில் வருகிற ஒருத்தி சொன்னாள்.

இரவெல்லாம் இவாஞ்சலினுக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் முப்பத்தொன்றாம் தேதி. அதற்கு அடுத்த நாள் புது மாதம். கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பழைய ப்ரோக்ராமாக இருந்தாலும் சிட்டாய்ப் பறக்கும். அப்புறம் எதைக் காட்டி யாரிடம் என்ன சொல்வது? சொல்வதென்றால் நாளைக்கே சொல்ல வேண்டும். சொன்னால் மாடி நாற்காலி அம்போதான்.

புதன்கிழமை காலை மாடிக்குப் போய்ச் சொன்னாள். "சார், தப்பு அவங்க மேல இல்ல. என் ப்ரோக்ராம்தான் நின்னுட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமைதான் சரி பண்ணேன்."

பாஷா சிரித்தார். "அந்தம்மா மேல பரிதாபப்பட்டுச் சொல்ற. நல்ல மனசு மா உனக்கு. போய் வேலையைப் பாரு."

நம்பவில்லை! உண்மையைச் சொன்னாலும் நல்ல பெயர்தான் வருகிறது என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? இவாஞ்சலினுக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தது. இறங்கி வந்து, கணக்கு முழுவதையும் மூன்று ஃப்ளாப்பியில் பிரதி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். புதுப் ப்ரோக்ராமை எடுத்துவிட்டுப் பழையதை ஏற்றினாள். ஐந்தரைக்கு மாடிக்குப் போய் நின்றாள்.

"சார், மாசக் கடைசி. இன்னிக்கு க்ளோசிங் நீங்களே உங்க கையால போடுங்க சார்."

கேட்டதும் அவருக்குச் சந்தோஷம். இறங்கி வந்து, செல்வகுமாரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். நாலைந்து பெண்கள் மிஷினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். பாஷா பட்டனை அமுக்கினார்.

ஃபாரம் வெளுத்தது. கடிகாரம் நின்றது. இவாஞ்சலின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். பத்து. பாஷா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபது. "இன்னா இது?" என்றார். முப்பது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. இடது கால், மேஜைக்கு அடியில் இல்லாத ஒரு மிதியிலிருந்து எடுப்பதுபோல், தானாகத் தூக்கிக்கொண்டது. இந்த பாஷாவும் ஒரு காலத்தில் இதே கம்பெனியில், இதே வரிசையில், ஒன்பது வருஷம் மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்தான். முப்பத்தெட்டாவது விநாடி அவர் கை தூணுக்குப் போனது. டக்கென்று சுவிட்சை அணைத்தார்.

கம்ப்யூட்டர் இருண்டது. பாஷா அணைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. சுவிட்சையும் கையையும் மாறிமாறிப் பார்த்தார். வேடிக்கை பார்த்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கணக்கு போச்சா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"இல்ல சார். பிரதி எடுத்து வெச்சிருக்கேன். இது பழைய ப்ரோக்ராம் சார். அக்கா கையில நான் குடுத்தது இதைத்தான்."

"எவ்ளோ நேரம் ஆச்சு இப்போ?"

"முப்பத்தெட்டு செகண்டு சார்."

"கெங்கம்மா எவ்ளோ நேரம் உட்கார்ந்திருந்துச்சு?"

"ஒரு நிமிஷத்துக்கு மேல சார். கையை மடியில கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க."

பாஷா எழுந்தார். செல்வகுமாரைப் பார்த்தார். அவன் கேட்காமலே கோட்டைக் கழற்றிவிட்டான். அதை அவரே வாங்கிக்கொண்டு, மிஷின்களுக்கு நடுவே நடந்துபோய், ஏழாவது மிஷின் பக்கத்தில் நின்றார்.

"கெங்கம்மா" என்றார்.

கெங்கம்மாள் கையிலிருந்த தையலை முடித்தாள். காலை எடுத்தாள், சுவிட்சை அணைத்தாள், அப்புறம்தான் நிமிர்ந்தாள். நீட்டிய கோட்டை உடனே வாங்கவில்லை. பாஷா அதைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த பையன் மாதிரி நின்றார். "என் மேலயும் தப்பு இருக்கு மா" என்றார். வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார்.

அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். எல்லாப் பட்டனையும் போட்டாள். தூணருகே வந்து, இவாஞ்சலினுக்கு நேராக நின்றாள். இவாஞ்சலின் கைகூப்பினாள். 'மன்னிச்சிடுங்கக்கா' என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

"அழாத. நாலு நாள் உன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன், இன்னிக்கு சொல்லுவா, இன்னிக்கு சொல்லுவான்னு" என்றாள் கெங்கம்மாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டாள். "சரி, அந்தப் பச்சைக் கோடு ஓடுறதை ஏத்து. வேன் கிளம்பிடும்."